மாப்பிள்ளைத் தொப்பை

தங்கை வள்ளியம்மையின் நகை மீது அம்சவல்லிக்குப் பொறாமை இல்லை, மாடி வீட்டின் மீதும் இல்லை. தங்கை புருஷனின் தொப்பை மீதுதான். கல்யாணமான மறுவருஷமே தியாகராசன் நெல் மூட்டையாகிவிட்டான். "வள்ளி கைராசி, மாப்பிள்ளை பூசினாப்ல ஆயிட்டாரு" என்று குத்தாலத்து உறவெல்லாம் பேசியது. அதே வாய்கள் அம்சத்தின் புருஷன் முருகையனிடம், "என்னப்பா, அம்சம் சோறு போடுறாளா இல்லியா?" என்று கேட்டன.

அப்பா இராஜாங்கம் கூலி நெல்லுக்காகக் கொடி பிடித்து அடி வாங்கியவர். அரைவயிறாகக் கிடந்த தெரு அவருடையது. அங்கே ஒருவனுக்குத் தொப்பை விழுந்தால்தான் குடும்பம் பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

வரும் தை மாதம் திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். மாப்பிள்ளைகள் இருவரும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கலச நீர் ஊற்ற வேண்டும். இரண்டு வயிற்றையும் சனம் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும். அந்த நினைப்பே அம்சத்தின் தூக்கத்தைக் கெடுத்தது.

அரசாங்கம் கொடுத்த கிரைண்டருக்கு ஓய்வில்லை. முருகையனுக்குக் காலையில் நெய் மிதக்கும் தோசை, ராத்திரி புரோட்டா, நடுவில் பாட்டில் பாட்டிலாகக் கலர் சோடா. நடந்தால் இளைத்துவிடுவான் என்று வயலுக்குக்கூட வண்டியில் அனுப்பினாள். அவனுக்குப் பழைய சட்டை எதிலும் பொத்தான் பூட்டவில்லை. வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்றான்.

"வாயுவாத்தான் இருக்கும். ஒரு சோடா குடிங்க" என்றாள்.

ஏப்பம் வந்தது, வலி போகவில்லை. தோசையில் நெய்யும் குறையவில்லை.

கோயிலில் அவன் சட்டையைக் கழற்றியபோது அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. "முருகையனா இது?" என்று சித்தி வாயைப் பிளந்தாள். தியாகராசனோ துண்டை வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தான். கண் பட்டுவிடுமாம், திமிரைப் பார் என்று பொருமினாள் அம்சம். பந்தியிலும் அவன் வடையை ஒதுக்கிவிட்டு ரசமும் மோருமாக எழுந்துவிட்டான். மாமனார் வீட்டு விருந்து இறங்கவில்லையாக்கும். முருகையன் இலையில் அவளே மறுபடியும் பாயசம் ஊற்றினாள்.

கை கழுவப் போன முருகையன் அங்கேயே சுருண்டு உட்கார்ந்தான். வாந்தி நிற்கவில்லை.

மயிலாடுதுறை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார். "பித்தப்பை முழுக்கக் கல்லு. ஒண்ணு குழாய்ல அடைச்சு கணையம் வீங்கியிருக்கு. ஈரல்லயும் கொழுப்பு. முப்பத்திரண்டு வயசுதான் ஆவுது, எப்படிம்மா இவ்வளவு எடை போட்டாரு?"

"பொழைச்சுக்குவாருல்ல?" என்றாள் அம்சம்.

"இப்ப எதுவும் சொல்ல முடியாதும்மா."

வராந்தாவில் வள்ளி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பயப்படாதக்கா. எங்க வீட்டுக்காரருக்கும் இதேதான். போன ஆடியில தஞ்சாவூர்ல ஆபரேஷன் பண்ணிப் பையையே எடுத்துட்டாங்க. அந்தத் தழும்பை மறைக்கத்தான் துண்டு கட்டியிருந்தாரு."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல? சொல்லியிருந்தா இவரு வலின்னப்பவே கூட்டிட்டு வந்திருப்பேனே."

வள்ளி தரையைப் பார்த்தாள். "நீ சந்தோஷப்படுவேன்னுதான்க்கா சொல்லல."

தழும்பு என்ற சொல் காதில் விழுந்த அந்த நொடியில், உள்ளே புருஷன் கிடக்கும்போதே, அம்சம் சந்தோஷம்தான் பட்டாள்.

தியாகராசன் மருந்து வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தான். துண்டு மறைத்தது இப்போதுதான் தெரிந்தது, நன்றாக இளைத்திருந்தான். மூச்சு வாங்காமல் ஏறினான். அதைப் பார்த்ததும் அம்சத்துக்கு வயிறு எரிந்தது.