ஏழாவது குழியின் மண்

வீட்டில் அவள் மூத்த மருமகள். வேலையிடத்தில் சின்ன மேடம். இந்தத் தலைகீழ் கூத்து தொடங்கி எட்டு மாதம் ஆகிறது.

மண்ணைச் சோதிக்கும் நிறுவனத்தில் ஒன்பது வருடமாக மாதிரி எடுப்பவள் அவள். கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கோ, படித்த படிப்புக்கு அங்கேயே நேராகப் பொறுப்பாளர் வேலை கிடைத்துவிட்டது. துளை போடும் இயந்திரக்காரர், "அவங்க பெரிய மேடம், நீங்க சின்ன மேடம். குழப்பம் வேணாம் பாருங்க" என்று சிரித்தபடியே பெயர் வைத்துவிட்டார். சின்ன மருமகள் கையெழுத்துப் போடாமல் அங்கே ஒரு துரும்பும் அசையாது என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். மூத்தவள் அங்கே என்ன செய்கிறாள் என்று கேட்டால், "மண்ணு அள்ளுறா" என்பாள்.

அன்று வேலை ஒரு பெட்ரோல் பங்க்கில். பூமிக்குள் புதைத்திருந்த பழைய தொட்டி கசிந்திருந்தது. கசிவு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க ஆறு குழி போட்டார்கள். ஆறிலும் வாடை மூக்கைத் துளைத்தது. ஏழாவது குழி மதிலுக்கு அந்தப்பக்கம், ஒரு தையற்காரியின் வீட்டுக் கொல்லையில். அங்கும் பெட்ரோல் இருந்தால் அவள் கிணற்றை மூடிவிட்டு, வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள்.

பாதித் துளையில் பெட்ரோல் தீர்ந்து இயந்திரம் நின்றது. இயந்திரக்காரர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். சின்னவள் காத்திராமல் தானே கேனைத் தூக்கிப் பெட்ரோலை ஊற்றினாள். கையுறை விரல்களில் இரண்டு சொட்டு வழிந்தது. அந்த நேரம் பார்த்துத் தையற்காரி வந்து, வீடு தப்புமா என்று கேட்டாள். சின்னவள் திரும்பி நின்று பொறுமையாகப் பதில் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் இயந்திரக்காரர் வந்து மீதியையும் துளைத்து, மண் நிறைந்த குழாயை மேலே இழுத்துவிட்டார். அதே கையுறையோடு அவள் மண்ணை அள்ளி, காற்றுப் புக இடமில்லாமல் பாட்டிலின் கழுத்துவரை அடைத்து மூடினாள்.

மூத்தவள் பார்த்தாள். ஒவ்வொரு மாதிரிக்கும் புதுக் கையுறை. பெட்ரோலைத் தொட்ட கை மண்ணைத் தொடக்கூடாது. இந்தத் தொழிலின் முதல் பாடமே அதுதான். சொல்ல வாயெடுத்தாள், விழுங்கிவிட்டாள். போகட்டும். லேபிலிருந்து தப்பான முடிவு வரட்டும். மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்கட்டும். மாமியார் முகம் அன்று எப்படிப் போகிறது என்று பார்க்கலாம். நினைக்க நினைக்க வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. ஏழு என்று சீட்டெழுதி பாட்டிலில் ஒட்டினாள். கருவிகளைக் கழுவினாள். ஏழு குழிகளையும் அடைத்தாள்.

ஐஸ் பெட்டியை மூடப்போகையில் தையற்காரி இயந்திரக்காரரிடம், சாமான் ஏற்ற வண்டிக்கு யாரைக் கேட்கலாம் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் பெட்டிக்குள் பார்த்தாள். ஏழாவது பாட்டிலில் இருந்தது தன் எழுத்து. ஒன்பது வருடத்தில் அந்த எழுத்தோடு ஒரு பொய் போனதில்லை. இவளை விழத்தாட்டப் போய், தன் எழுத்தை அல்லவா காவு கொடுக்கிறோம்?

"ஏழாவதை அனுப்பாதே. பெட்ரோல் ஊத்தின கையுறையோடதான் நீ மண்ணை அடைச்சே."

சின்னவள் தன் கைகளை விரித்துப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. சமாளிப்பாள், யார்மேலாவது பழிபோடுவாள் என்று மூத்தவள் காத்திருந்தாள். அவளோ பாட்டிலை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, தையற்காரியிடம் போய்த் தன் தவறைச் சொல்லி, இன்னொரு குழி போட அனுமதி கேட்டாள். பிறகு தவறுகளைப் பதியும் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள். யார் செய்தது, யார் கண்டது. அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"எத்தனை மணிக்குப் பாத்தீங்க அக்கா? நேரம் போடணும்."

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். யார் வந்து கேட்கப் போகிறார்கள்? ஆனால் பொய் நேரம் சொல்லிப் பழக்கமில்லாத வாய் அது.

"பதினொண்ணு பத்து."

சின்னவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டு. ஐம்பது நிமிடம். அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். பதினொன்று பத்து என்றே எழுதினாள். பிறகு புதுக் கையுறை ஒரு ஜோடியை நீட்டினாள்.

"நீங்களே எடுங்கக்கா."

ஒரு முழம் தள்ளிப் போட்ட குழியில் மூத்தவளே மண் எடுத்தாள். நாலாம் நாள் முடிவு வந்தது. தையற்காரியின் மண் சுத்தம்.

அன்று மாலை மாமியார் வழக்கம்போல் சின்னவளைத்தான் கொண்டாடினாள். ஒரு வீட்டைக் காப்பாற்றிவிட்டாளாம். சின்னவள், "நான் கெடுக்கத்தான் பாத்தேன் அத்தை, அக்காதான் காப்பாத்தினாங்க" என்றாள். அந்த ஐம்பது நிமிடத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

மூத்தவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் இடத்தில் தான் இருந்திருந்தால் நிமிடக் கணக்கோடு ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்போம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. படிப்பிலும் பதவியிலும் தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இதில் எப்படி? வயிற்றெரிச்சல் தீரவில்லை, கூடத்தான் செய்தது.