ஆமை யார் பங்கில்?

1.

ஓர் ஆமையின் விலை இரண்டு ஆக்டோபஸ் கருவாடு. அதுவும் பலகையில் வரைந்த ஆமைக்கு. தீவுக்கு எதிர்க்கரையில், ஸ்ஃபாக்ஸ் மீன்சந்தையில் மூச்சுமுட்டப் பேரம் பேசியும் விலை படியாமல், கடைசியில் மீனோடு கொசுறாக வாங்கிவந்த கதை இது. கொசுறுதானே என்று எடை பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து தூக்கினால் சரக்கைவிடக் கனம்.

2.

முதல் வரி: கெர்கென்னாத் தீவின்மேல் பொன்னிறச் சூரியன் மெல்ல...

வேண்டாம். சூரியனை எல்லாக் கடையிலும் முழம்போட்டு விற்கிறார்கள்.

மறுபடி: ரௌதா படம் வரைகிறவள். கடற்புல், மீன், ஆமை எல்லாவற்றையும், துடுப்புப் படகில் சுற்ற வருகிறவர்களுக்குப் பார்த்ததும் புரிகிற மாதிரி பலகையில் தீட்டிக் கரையில் நிறுத்துவது அவள் பிழைப்பு.

இது நிற்கும்.

3.

விசைப்படகுக் கம்பெனி ஒன்று கடற்புல் வெளியை வெட்டிக் கால்வாய் போட அனுமதி கேட்டிருந்தது. அந்தத் தீவில் கடலுக்கும் பட்டா உண்டு. பேரீச்ச மட்டையால் வேலி கட்டி மீனைக் கூண்டுக்கு ஓட்டுகிற பங்குக்காரர்கள் கூட்டத்துக்கு வந்து மறுத்தால் கால்வாய் இல்லை. வராவிட்டால் சம்மதம். கூட்டத்துக்கு வரச்சொல்லி ரௌதா வீடு வீடாகக் கேட்டாள். "புல்லுதானேம்மா, மொளைக்கும்." வெட்டினால் ஒரு தலைமுறைக்கு முளைக்காது.

அதனால்தான் பலகை: புல், வேலிகள், நடுவில் ஓர் ஆமை. நிறுத்தியதும் ஹம்மாதி வந்தார், வேலிக்காரர்.

"இங்க பாருங்கடா, ஆமை என் பங்குல!"

"அந்த வளைஞ்ச வேலி எங்க தாத்தா போட்டது. ஆமை எனக்கு," என்றார் பங்காளி மோன்ஜி.

(மோன்ஜியை நான் நம்பவில்லை. இவ்வளவு தோதான பங்காளி கதைக்குக் கிடைப்பானா? நீக்கிப் பார்த்தேன். சண்டைக்கு ஆளில்லாமல் ஹம்மாதி வாடிப்போனார். திரும்ப வைத்துவிட்டேன்.)

"மாமா, இது வெறும் விளக்கப் படம். யாரோட வேலியும் இல்ல."

"யாரோடதும் இல்லாத வேலி கடல்ல ஏதும்மா?"

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. "என் பங்குல ஒரு கடற்குதிரைகூடக் காணோம். என்னைப் பாத்தா எளக்காரமா?"

தீவே அந்தப் படத்தைப் பட்டாப் பத்திரமாகப் படித்துக்கொண்டிருந்தது. ரௌதா துணிக்கடைக்காரர் மகள். வாடிக்கையாளர் துணியைக் கையில் எடுத்த பிறகு வாயைத் திறக்கக் கூடாது என்று தெரிந்தவள். விளக்கத்தை விழுங்கிவிட்டுத் தூரிகையை எடுத்தாள்.

"சரி, திருத்துறேன். ஆனா புல்லு இல்லாத எடத்துல கடற்குதிரை வரைய மாட்டேன்."

"எங்கிட்டயா புல்லு இல்ல? ஏறு படகுல!"

படகு படகாக ஏறினாள். எட்டிப் பார்த்தாள், குதித்துப் பார்த்தாள், இருந்ததை மட்டும் வரைந்தாள். மோன்ஜி இரண்டு ஆக்டோபஸ் கருவாட்டைப் பொட்டலமாக நீட்டினார்: "ஆமையக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளும்மா."

தள்ளவில்லை. நிஜ ஆமை இரண்டு பங்குக்கும் நடுவில்தான் மேய்ந்தது. தலை ஹம்மாதிக்கு, வால் மோன்ஜிக்கு.

(கருவாட்டை வாங்கினாளா? அடுத்த கேள்வி.)

4.

முடிவு அ: யாரும் வரவில்லை, கால்வாய் வெட்டப்பட்டது. இதை எழுதி நானே கிழித்தேன்.

முடிவு ஆ: பலகையைப் பாடையைப்போல் தோளில் தூக்கிக்கொண்டு... இல்லை, மாப்பிள்ளையைப்போல் தூக்கிக்கொண்டு தீவே கூட்டத்துக்குள் நுழைந்தது. கம்பெனிக்காரர் தன் வரைபடத்தை விரித்தார்.

"உங்க கால்வாய் என் ஆமை மேல போகுது," என்றார் ஹம்மாதி.

"எந்த ஆமை?"

"எங்க ஆமை!" என்றார் மோன்ஜி. பங்காளியின் பேச்சை அவர் ஆமோதித்தது அதுவே முதல்முறை.

ஒவ்வொருவராக எழுந்து பலகையில் தன் பங்கைத் தொட்டு மறுத்தார்கள். கம்பெனிக்காரர் வரைபடத்தைச் சுருட்டினார். ரௌதாவின் விரல் நகத்தில் ஆமைப் பச்சை இன்னும் காயவில்லை.

5.

வாசலிலேயே சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. தலை பெரிதா, வால் பெரிதா? இதற்கு முடிவு எழுத எனக்குத் தைரியம் இல்லை. நான் இவர்களிடம்தான் மீன் வாங்கவேண்டும்.

கணக்கு:
புல்வெளி, முழுசு.
கால்வாய், இல்லை.
கடற்குதிரை, புல் உள்ள பங்குகளுக்கு மட்டும்.
ஆமை, ஒன்று. சொந்தக்காரர், இருவர்.
பாக்கி, தீர்ப்பு. உங்கள் பெயரில் எழுதியிருக்கிறேன்.