போகணியிடம் சொன்னது

என் மாமியாரின் பெயரைச் சொல்ல மாட்டேன். முகத்தைப் பார்க்க மாட்டேன், ஒரு வார்த்தை பேசவும் மாட்டேன். அவரும் அப்படித்தான். எங்கள் கிம்பர்லிக் கரைப் பழங்குடிகளில் மாமியாரும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் மதிக்கும் முறை இது. எங்கள் வீட்டில் பதினோரு வருடமாகக் கொலை விழாததற்கும் இதுவே காரணம்.

திட்டு மட்டும் என் மனைவி மேவிஸ் வழியாகத் தினமும் வந்து சேரும். நான் பாலைவனத்தில் பிறந்தவன், கடல் தெரியாதவன். அதுதான் என் குற்றம்.

அப்போதுதான் ஹாமிஷ் வந்தார், தெற்கிலிருந்து, பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர். அறுபதாயிரம் வருடத்துக்கு முன்பு எங்கள் ஆட்கள் மூங்கில் தெப்பத்தில் இந்தக் கண்டத்துக்கு வந்தார்கள் என்று அவர் நிரூபிக்க வேண்டுமாம். அதற்காக எதிர்த் தீவிலிருந்து எங்கள் கரைக்குத் தெப்பத்தில் வந்து காட்டப் போகிறாராம். அந்தக் கடல் என் மாமியாருடைய பரம்பரைக்கு உரியது, அவர் கூட வராமல் யாரும் இறங்கக் கூடாது. துடுப்புப் போட ஊரில் புத்தியுள்ள எவனும் முன்வரவில்லை. நான் முன்வந்தேன்.

அன்றைக்கே மேவிஸ் செய்தி கொண்டுவந்தாள்.

"தெப்பத்தப் பாறையில மோதுனா நீ உன் பாலைவனத்துக்கே போயிடணுமாம். நானும் புள்ளைங்களும் இங்கயே இருக்கணுமாம். அம்மா விளையாட்டுக்குச் சொல்லலய்யா."

ஆனாலும் எதிர்த் தீவுக்குப் போய்த் தெப்பத்தில் ஏறினேன்.

மாமியார் எனக்கு முதுகைக் காட்டித் தெப்பத்தின் முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால் துடுப்போடு நின்றேன். நடுவில் ஹாமிஷ்தான் எங்கள் தபால்காரர். மாமியார் சொல்வதை வாங்கி என் பக்கம் திரும்பிச் சொல்வார். பாதிக் கடலில் தபால்காரர் குப்புறப் படுத்து வாந்தியெடுக்கத் தொடங்கினார். அதோடு தபால் நின்றது.

அதே நேரம் கடல் வற்றத் தொடங்கியது. எங்கள் பக்கம் கடல் வற்றினால், பாறைகளுக்கு நடுவே தண்ணீர் ஆறு மாதிரி பாயும். உள்ளே நுழைய ஒரே ஒரு சந்துதான் உண்டு. அது எங்கே என்று மாமியாருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

பாறைகள் நெருங்கியதும் மாமியார் டீ போடும் தகரப் போகணியை எடுத்து மடியில் வைத்தார். எங்கள் பாஷையில் அதைப் பார்த்துக் கத்தினார்.

"ஏ போகணி! கண்ணு அவிஞ்சு போச்சா? நுரைக்கு நேரா போறியே, அங்க பாறை கிடக்கு! வலது பக்கம் போ!"

நான் வலது பக்கம் திருப்பினேன்.

"அவ்வளவு போகாத, தகர மண்டை!"

நான் துடுப்பிடம் சொன்னேன். "துடுப்பே, கை விட்டுப்போச்சு. இன்னும் எவ்வளவு தூரம்னு யாராவது சொன்னா நல்லாயிருக்கும்."

"போகணிக்கு வாய் வேறயா! அந்த ஒத்த மரம் தெரியுதுல்ல? அதுக்கு நேரா விடு. இரு... இரு... இப்பப் போடு!"

உயிரைக் கொடுத்துப் போட்டேன். ஒரு மூங்கில் மட்டும் பாறையில் உரசியது. அடுத்த நொடி கழிமுகத்தின் அமைதியான தண்ணீரில் மிதந்தோம்.

கரையில் ஹாமிஷ் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பாத்தீங்களா அம்மா? உங்க ஆளுங்க இப்படித்தான் வந்து இறங்கியிருக்காங்க."

"உன் பாட்டன் கப்பல்ல வந்து இறங்குனப்ப நாங்க கரையில நின்னு பாத்துக்கிட்டிருந்தோம்," என்றார் மாமியார். "நாங்க வந்தப்ப எவன்யா இங்க நின்னு பாத்தான்?"

ஹாமிஷ் நோட்டை எடுத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'மூதாட்டி பாத்திரத்தை நோக்கிக் கடல் மந்திரம் ஓதினார்.' அந்தப் போகணியை அருங்காட்சியகத்துக்குத் தர முடியுமா என்று வேறு கேட்டார்.

மாமியார் அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"தர மாட்டேன். நசுங்குன போகணிதான், மூளையும் கம்மி. ஆனா சொன்னாக் கேக்குது. எங்க வீட்டுலயே இருக்கட்டும்."

புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்று ஹாமிஷ் கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் கடல் பக்கம் திரும்பி நின்று அழுதேன்.