நாற்பத்தோராவது தட்டு

மணி அடித்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் ஓரடி வலப்பக்கம் நகர்ந்தார்கள். லிசோன் முஜேல் மட்டும் நகரவில்லை. அடுத்து வந்த பத்திஸ்த் அவள் தோளில் மோதினான். அவன் மேல் இன்னொருத்தி மோதினாள். கூட்ஸ் வண்டி நின்ற மாதிரி வரிசை முழுக்க இடித்துக்கொண்டு நின்றது.

"நகரு தாயே," என்று முணுமுணுத்தான் பத்திஸ்த். "அன்னாசிப்பூவைப் பாத்து என்ன தவம்?"

"பேச்சு கூடாது," என்றார் மேடையிலிருந்து தேர்வை நடத்திய மேடம் ஒடில் வோத்ரேன்.

அந்தப் பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தின் பார்மஸி கல்லூரியில் மூன்றாம் ஆண்டுக்காரர்கள் தாண்டியே ஆகவேண்டிய தேர்வு அது. ஐம்பது தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு வேர், பட்டை, காய் அல்லது விதை. பார்த்து, முகர்ந்து, பெயர் எழுத முப்பது விநாடி. முப்பது மார்க் எடுத்தால் பாஸ். விஷத்தை நல்ல பொருள் என்று எழுதினால் மட்டும் மொத்தத் தாளுக்கும் பூஜ்யம்.

லிசோன் நாற்பத்தோராவது தட்டை இன்னொரு முறை பார்த்தாள். இதழ்களின் நுனி கூர்மையாக மேல்நோக்கிச் சுருண்டிருந்தது. காம்பு நேராக இருந்தது. விறுவிறுவென்று எழுதினாள்: 'ஜப்பான் அன்னாசிப்பூ. விஷம்.'

திங்கட்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். அவளுக்கு இருபத்தொன்பது.

இரண்டாம் ஆண்டை ஏற்கெனவே ஒருமுறை திரும்பப் படித்தவள் அவள். இன்னொரு முறை தவறினால் கல்லூரியை விட்டே போகவேண்டும். கோட்டை மாட்டிக்கொண்டு நேரே டீன் அறைக்குப் போனாள்.

டீன் ஜெரால்ட் திரியே நூற்றெண்பதாம் ஆண்டு விழாப் பதாகையைத் தரையில் விரித்து, எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் கல்லூரியின் வரலாறு. வலப்பக்கம் ஆறு வருடப் படிப்பும், கடைசியில் அது மருந்துக்கடை, ஆஸ்பத்திரி, தொழிற்சாலை என்று மூன்றாகப் பிரியும் வழிகளும். ஜன்னலோரம் நின்று மேடம் வோத்ரேன் விடைத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நாற்பத்தொண்ணு தப்பா வந்திருக்கு, முசியே," என்றாள் லிசோன். "நான் எழுதினது சரி."

டீன் நிமிர்ந்தார். "அது எந்த ஜாடியிலேர்ந்து எடுத்தது தெரியுமா? நம்ம நிறுவனர் தன் கையால நிரப்பின பீங்கான் ஜாடி. 1944-ல ஜெர்மன் படை வருதுன்னு தெரிஞ்சதும் இங்க வேலை செஞ்சவங்க அத்தனை ஜாடியையும் காலி பண்ணி, உருளைக்கிழங்குக் குவியலுக்கு அடியில ஒளிச்சாங்க. உள்ள இருந்ததைப் பொட்டலம் பொட்டலமா வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க. சண்டை முடிஞ்சதும் ஒரு பொட்டலம்கூடக் குறையாமத் திரும்பி வந்துச்சு. இந்த வட்டாரத்துல பச்சை சிலுவை போட்ட மருந்துக்கடையில பாதி நம்ம பிள்ளைங்களோடது. அவங்க எல்லாரும் அந்த ஜாடியைப் பாத்துத்தான் படிச்சாங்க. நானும்தான். அம்பதுக்கு அம்பது வாங்கினேன்."

"அப்ப உங்க அம்பதுலயும் ஒண்ணு தப்பு, முசியே."

டீனின் காது மடல் சிவந்தது. மேடம் வோத்ரேன் அடுக்குவதை நிறுத்தினார்.

"மூணு டிசம்பரா சந்தையில மசாலா போட்டுச் சூடா வைன் விக்கிறேன்," என்றாள் லிசோன். "அன்னாசிப்பூவைக் கை நிறைய அள்ளி அள்ளிப் போட்டவ நான். நல்லதோட காம்பு கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும், நுனி மழுங்கியிருக்கும். இது அது இல்ல. இதை யாருக்காவது கொதிக்க வெச்சுக் கொடுத்தா வலிப்பு வந்துடும். இந்தக் கல்லூரியிலதானே அதைச் சொல்லிக் கொடுத்தீங்க? அதனாலதான் எழுதினேன்."

"நீ சொல்றது சரின்னா மிச்சம் நூத்திப் பத்தொன்பது பேருக்கும் பூஜ்யம் போடணும்," என்றார் டீன்.

"ஆமா. அதைக் கேட்டதிலேர்ந்து பத்திஸ்த் என்கூடப் பேசல."

"சண்டை எதுக்கு?" என்றார் மேடம் வோத்ரேன். "வெட்டிப் பாத்துடலாம்."

கீழே ஆய்வுக்கூடத்தில் இரண்டு காம்புகளை வெந்நீரில் ஊறவைத்தார்கள். ஒன்று ஜாடியிலிருந்து எடுத்தது, இன்னொன்று எதிர்த்த மளிகைக் கடையில் வாங்கியது. மேடம் வோத்ரேன் பிளேடால் தாள் போலச் சீவிக் கண்ணாடியில் வைத்தார். மைக்ரோஸ்கோப்பில் முதலில் குனிந்தவர் டீன்தான். கடைச் சரக்கில் கைகால் விரித்த நட்சத்திரம் போல கெட்டியான செல்கள் தெரிந்தன. ஜாடிச் சரக்கில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை. எல்லாம் கூழாங்கல் மாதிரி உருண்டை.

அவர் இரண்டு கண்ணாடிகளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

"அப்ப நிறுவனர் நிரப்பின நல்லது எங்க போச்சு?" என்றார் கடைசியில்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, ஜாடிகள் இருந்த சேகரிப்பு மண்டபத்தின் மூலைக்கு விரைந்தார்கள். அங்கே சிவப்புப் பட்டை அடித்த விஷ அலமாரி பூட்டியிருந்தது. டீன் சாவியைத் திருகி, 'ஜப்பான்' என்று எழுதிய ஜாடியின் மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். நூற்றெண்பது வருடத்துக்குப் பிறகும் மெல்லிய சோம்பு வாசனை. விரலால் ஒன்றை எடுத்தார். காம்பு கொக்கி போல வளைந்திருந்தது.

"பொட்டலம் ஒண்ணும் குறையல," என்றாள் லிசோன் மெதுவாக. "திரும்பி நிரப்பும்போது ரெண்டு மட்டும் இடம் மாறியிருக்கு."

எண்பது வருடமாக நல்லதைப் பூட்டி வைத்து, விஷத்தைத் திறந்த அலமாரியில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். டீன் முதலில் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, எதிர்பாராத விதமாக, தோள் குலுங்கச் சிரித்தார்.

"நாற்பத்தொண்ணை எல்லாருக்கும் தள்ளிடுங்க, ஒடில். தப்பு ஜாடியோடது, பிள்ளைங்களோடது இல்ல. இவளுக்கு மட்டும் மார்க் உண்டு."

"முப்பது," என்றார் மேடம் வோத்ரேன். "பாஸ்."



"விழா அன்னைக்கு ரெண்டு ஜாடியும் வாசல்ல இருக்கணும்," என்று டீன் தொடர்ந்தார். குரலில் பழைய மிடுக்கு திரும்பியிருந்தது. "பழைய சீட்டைக் கிழிக்க வேணாம். கீழே புதுசா ஒண்ணு ஒட்டுங்க. 'கண்டுபிடித்தவர், மூன்றாம் ஆண்டு மாணவி லிசோன் முஜேல்.' வர்றவங்க எல்லாரும் படிக்கட்டும். கண்ணை நம்பணும்னு நாம சொல்லிக் கொடுத்தோம், ஒருத்தி நம்பியிருக்கா. இதைவிடப் பெருமை வேற என்ன இருக்கு?"

"சரி, முசியே," என்றாள் லிசோன்.

டீன் ஜாடியை மூடினார். ஆனாலும் ஏதோ உறுத்தியது போல வாசலில் நின்று திரும்பினார்.

"ஒண்ணுதான் புரியல. எத்தனை ஆயிரம் பேர் இந்தத் தட்டைத் தாண்டிப் போயிருக்காங்க. ஒருத்தருக்குக்கூடவா சந்தேகம் வரல?"

மேடம் வோத்ரேன் கையோடு எடுத்து வந்த கண்ணாடித் துண்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்:

"1984-ல நான் ஜப்பான்னுதான் முதல்ல எழுதினேன், ஜெரால்ட். அப்புறம் எனக்கு முன்னால நின்ன உன் தாளை எட்டிப் பாத்துட்டு அடிச்சு மாத்திட்டேன்."