தெப்பேயின் நான்காம் வயது

மியாஷிதா வீட்டுப் பையன் தெப்பே நவம்பர் பதினைந்தாம் தேதி இரவு நாலரை வயதில் படுத்து, பதினாறாம் தேதி காலை ஐந்தரை வயதில் எழுந்தான். அன்றுதான் எங்கள் பள்ளத்தாக்கில் அந்த வருடத்தின் முதல் உறைபனி. ஆப்பிள் தோட்டங்களில் ஏணிகள் வழுக்கின, கூட்டுறவுச் சங்கத்து லாரி அரை மணி நேரம் தாமதமாக வந்தது. பையனின் இரவு உடை கணுக்காலுக்கு மேலே நான்கு விரல் ஏறியிருந்தது. தலைமுடி காதை மூடியிருந்தது. முந்தின நாள் வரை அக்கா காஹோவை ‘அத்தா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், படுக்கையில் உட்கார்ந்து, “அக்கா, என் சாக்ஸ் எங்க வச்சே?” என்று திருத்தமாகக் கேட்டான். ஏழு வயதுக் காஹோ அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அம்மா, தம்பி கெட்டுப் போயிட்டான்!” என்று கத்திக்கொண்டே அடுப்படிக்கு ஓடினாள்.

காரணம் எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளையை மூன்றிலும் ஏழிலும், ஆண் பிள்ளையை ஐந்திலும், நவம்பர் நடுவில் நல்ல உடை உடுத்திக் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். பூசாரி பெயரையும் வயதையும் சாமியிடம் சொல்வார், பிள்ளைக்கு நீளமான மிட்டாய் கொடுப்பார், புகைப்படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டியது. வயதை எண்ண இரண்டு வழி உண்டு. பிறந்ததுமே ஒன்று என்று வைத்து, புத்தாண்டுக்குப் புத்தாண்டு ஒன்று கூட்டுவது பழைய வழி. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் எண்ணுவது புது வழி. நவம்பரில்தான் ஃபுஜி ஆப்பிள் பழுக்கிறது. வேலை முதுகை ஒடிக்கிற நேரத்தில் யார் இரண்டு வருடம் இரண்டு முறை கோயிலுக்குப் போவார்கள்? எனவே ஒரு பிள்ளைக்குப் புது வழி, இன்னொன்றுக்குப் பழைய வழி என்று வைத்து, இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடுவோம். பூசாரி வயதைக் கேட்கும்போது மட்டும் கொஞ்சம் முணுமுணுக்க வேண்டும். அந்த முணுமுணுப்புதான் சூட்சுமம். தெப்பேயின் அப்பா குனியோவுக்கோ டிராக்டர் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசியே வளர்ந்த தொண்டை. “பொண்ணுக்கு ஏழு முடிஞ்சுது, பையனுக்கு அஞ்சு முடிஞ்சுது!” என்று பதினைந்தாம் தேதி கோயில் மரத்துக் காக்கைகள் எழும்பப் பதில் சொன்னான். தெப்பேக்கு உண்மையில் முடிந்திருந்தது நாலுதான். முடிந்தது என்ற சொல்லைப் பூசாரி ஷிரோயாமா சாமியிடம் அப்படியே மூன்று முறை வாசித்தார்.

ஊர் இதைப் பெரிதுபடுத்தவில்லை. மருத்துவர் உயரம் அளந்து, பல் எண்ணி, பையன் நலம் என்று எழுதிக் கொடுத்தார். பாலர் பள்ளியில் அவனைத் துலிப் வகுப்பிலிருந்து சூரியகாந்தி வகுப்புக்கு மாற்றினார்கள். அங்கே ஜுன் என்ற பையன் அன்றைக்கே அவனுக்கு உயிர்த்தோழன் ஆனான். பக்கத்து வீட்டு ஓகிஹரா அம்மாள் தன் பேரனின் பழைய கால்சட்டைகளை ஒரு மூட்டை கொண்டுவந்து பையனின் அம்மா மிதோரியிடம் போட்டுவிட்டு, “ஒரு வருஷச் சளி, ஒரு வருஷக் காய்ச்சல், எல்லாம் மிச்சம் உனக்கு. என் மகனுக்கும் இப்படி ஆகியிருக்கக் கூடாதா?” என்றாள். குனியோவுக்கு உள்ளூரப் பெருமைதான். சங்கத்துக் கூடத்தில் பழம் தரம் பிரிக்கும்போது, “நான் வாயைத் திறந்தா சாமியே கேட்கும்” என்று பீற்றிக்கொண்டான்.

மிதோரிக்கு மட்டும் இதில் சந்தோஷமில்லை. அந்த அக்டோபர் முழுக்கத் தெப்பே அவளுடைய வேலைக் காற்சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே திரிந்தான். கருவாலி மரத்துக் கொட்டையில் பம்பரம் செய்து தரச் சொன்னான். சருகு கூட்டி நெருப்பு வைத்துச் சர்க்கரைவள்ளி சுடலாம் என்றான். ஆற்றங்கரைக்குப் போய்த் தும்பி பிடிக்கலாம் என்றான். எல்லாவற்றுக்கும் அவள் சொன்ன பதில் ஒன்றுதான்: “ஆப்பிள் முடியட்டும்டா கண்ணு.” டிசம்பர் இரண்டாம் தேதி கடைசிப் பெட்டி லாரியில் ஏறியது. மூன்றாம் தேதி காலையில் அவள் ஒரு கூடை கருவாலிக் கொட்டை பொறுக்கிவந்து, தீக்குச்சி செருகிப் பம்பரம் செய்து, தெப்பேயைக் கூப்பிட்டாள். அவன் மரியாதைக்கு ஒன்றைச் சுற்றிவிட்டு, “இதெல்லாம் சின்னப் பசங்க விளையாட்டும்மா. நான் ஜுன் வீட்டுக்குப் போறேன்” என்று போய்விட்டான். அன்று மிதோரி குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிள்ளை செத்துப் போகவில்லை, காணாமலும் போகவில்லை. அடுத்த அறையில் சோறு தின்கிறவனுக்காக எப்படி அழுவது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் அவளிடமிருந்து ஒரு வருடம் போயிருந்தது, அது அவளுடைய வருடம். அதைக் கைவிட்டது யார் என்று யோசித்தபோது குனியோவின் தொண்டையைவிடத் தன்னுடைய ‘முடியட்டும்’தான் அவளுக்குப் பெரிதாகக் கேட்டது.

அந்த வருடம் அடுத்த அக்டோபரில் வீட்டுக்கு வந்துசேர்ந்தது. தக்காளி நிறத்தில் பழுக்கிற சீமைப்பனிச்சை மரத்தின் இலைகள் சிவக்கத் தொடங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணிக்கு, மெத்தை அடுக்கும் அலமாரியின் கதவு உள்ளிருந்து நகர்ந்தது. போன வருடத்து மஞ்சள் மழைக்காலணியோடு நான்கு வயதுத் தெப்பே இறங்கி வந்து, “அம்மா, ஆப்பிள் முடிஞ்சுதா?” என்று கேட்டான். வெளியே நூறு பெட்டி காலியாக நின்றது, லாரி நாலு மணிக்கு வரும். மிதோரி கையுறையைக் கழற்றினாள். “முடிஞ்சுடுச்சுடா” என்றாள். இரண்டு பேரும் ஆற்றங்கரைக்குப் போனார்கள். ஐந்து மணிக்குப் பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லி ஊர் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவார்கள். பாட்டு முடிந்தபோது அவள் கையில் பிடித்திருந்த சின்னக் கை இல்லை. மறுநாள் மூன்று மணிக்கு மறுபடியும் வந்தான். கடைசி இலை விழும்வரை, சுமார் நாற்பது நாள், அப்படியே வந்தான். பெட்டிகள் நிரம்பாததற்குக் குனியோ முதலில் குதித்தான். பிறகு ஒருநாள் அவனும் ஏணியை விட்டிறங்கித் தும்பி வலையோடு பின்னால் போனான்.

வீட்டில் இரண்டு தெப்பே இருப்பதில் சில இடைஞ்சல்கள் இருந்தன. சின்னவன் பெரியவனை “அண்ணா” என்று கூப்பிட்டான். பெரியவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “டேய், நான்தான்டா நீ. அண்ணா கிண்ணான்னு சொல்லாதே!” என்று கத்துவான். “அப்ப உன் பிஸ்கத்தும் என்னுதா?” என்று சின்னவன் கேட்பான். இதைக் கேட்டதும் பெரியவன் அழுவான். காஹோ நடுவில் புகுந்து பிஸ்கத்தை மூன்றாக உடைத்துப் பெரிய துண்டைத் தன் வாயில் போட்டுக்கொள்வாள். சின்னவனுக்குச் சளி பிடித்தால் பெரியவன் தும்மினான். அண்டை வீட்டில் காய் பழம் கொடுக்கும்போது அந்த நாற்பது நாளும் ஒன்று கூடுதலாகவே கொடுத்தார்கள்.

நவம்பர் தொடக்கத்தில் பூசாரி ஷிரோயாமா தாமாகவே வந்து தேநீர் குடித்தார். தவறு தம் வாயாலும் நடந்தது என்பதில் அவருக்கு உறுத்தல். “இந்த வருஷம்தான் பையனுக்கு நிஜமா அஞ்சு முடிஞ்சிருக்கு. பதினைஞ்சாம் தேதி கூட்டிட்டு வாம்மா, சரியா வாசிச்சுடறேன். ரெண்டும் ஒண்ணாகிடும்” என்றார். ஒன்றானால் எந்த வயதில் இருப்பான் என்று மிதோரி கேட்டாள். ஐந்தரை, முறைப்படி எவ்வளவோ அவ்வளவு, என்றார். நாலு வயதின் நினைவெல்லாம் முழுசாக அவனுக்குள் இருக்கும். அவளுக்குள்ளும் இருக்கும். முன்கூட்டி ஓடிய இந்த ஒரு வருடம்தான் நடக்காததாக ஆகிவிடும். குனியோ, “அப்புறம் என்ன, முடிச்சுடுவோம்” என்றான். மிதோரிக்கும் அதுதான் ஆசை. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று சொட்டுச் சொட்டாக வருவது அவளுக்குப் போதவில்லை. விடிந்ததிலிருந்து படுக்கும்வரை நான்கு வயதாக இருந்த பிள்ளை அவளுக்கு வேண்டும். பட்டு உடைக்கு இஸ்திரி போட்டு வைத்தாள்.

பதினைந்தாம் தேதி கோயில் வரிசையில் அவர்களுக்கு முன்னால் நான்கு குடும்பங்கள் நின்றன. என்ன நடக்கப்போகிறது என்று காஹோ தம்பியிடம் சொல்லியிருந்தாள். தெப்பே கல்படியில் நின்று, குனிந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கோடையில் நீந்தக் கற்றிருந்தான். முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. ஏப்ரலில் ஜுனோடு பெரிய பள்ளிக்குப் போக முதுகுப்பை வாங்கியாகிவிட்டது. “அம்மா” என்றான், “அவன் வந்தா, அப்ப நான் எங்க போவேன்?”  மிதோரி சாமிக்கு முன்னால் நிற்கிறவள், பொய் சொல்ல முடியவில்லை. இன்னும் இரண்டு குடும்பங்கள் உள்ளே போய் வந்தன. பிறகு அவள் பிள்ளையின் கையைப் பிடித்து வரிசையை விட்டு வெளியே வந்தாள். “எங்கயும் போக வேணாம். வா, பசிக்குது” என்றாள். குனியோ பட்டு உடைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான். பூசாரி அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டார்.

பிறகு வருடங்கள் போயின. தெப்பே பெரிய பள்ளிக்குப் போனான், மீசை முளைத்தது, நகோயாவில் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் சேர்ந்தான், கல்யாணம் செய்துகொண்டான், பிரிந்தான். காஹோ பக்கத்து ஊர்ப் பல் மருத்துவருக்கு வாழ்க்கைப்பட்டாள். குனியோ ஒரு பிப்ரவரியில் மாரடைப்பால் இறந்தான், மயானம் கொள்ளாத கூட்டம். சின்னத் தெப்பே மட்டும் ஒவ்வொரு இலையுதிர் காலமும் மூன்று மணிக்கு அலமாரியிலிருந்து இறங்கினான். அவனுக்கு முந்தின வருடம் என்பது நேற்று. அம்மாவின் முடி நரைத்ததை, “அம்மா, தலையில மாவு கொட்டிக்கிட்டியா?” என்று ஒரே ஒரு முறை கேட்டான். பள்ளி ஆசிரியர் ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு முழு வருடம், நாளுக்கு இரண்டு மணி, வருடத்துக்கு நாற்பது நாள் என்று செலவானால் நூற்றொன்பது வருடம் தாங்கும் என்றார். இந்த எண்ணைக் கேட்ட நாளிலிருந்து மிதோரிக்கு நிம்மதி போயிற்று. ‘போதவில்லை’ என்று ஏங்கியவள், இப்போது அது தன்னைவிட நீளமாக இருக்கிறதே என்று பயந்தாள். எழுபது தாண்டியபிறகு காஹோவிடம் அடிக்கடி சொன்னாள், “எனக்கப்புறம் அவன் கதவைத் திறந்துக்கிட்டு வந்து நிப்பானேடி. வீடு பூட்டிக் கிடக்குமேடி.” காஹோ, “நான் வர்றேம்மா” என்பாள். “உனக்கு முட்டி வலி. அவன் பின்னால ஓட முடியுமா உன்னால?” என்பாள் மிதோரி. தெப்பேயிடம் மட்டும் அவள் இதைச் சொன்னதே இல்லை. அன்று கோயில் வரிசையிலிருந்து அவனை விட்டுக்கொடுக்காமல் கூட்டிவந்ததற்கு அவனிடமே கூலி கேட்பதுபோல் ஆகிவிடும் என்று நினைத்தாள்.

மிதோரி ஒரு ஏப்ரலில், ஆப்பிள் பூக்கும்போது இறந்தாள். சாவுக்கு வந்த தெப்பே ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று ஊரில் கொஞ்சம் பேசிக்கொண்டார்கள். செப்டம்பர் கடைசியில் அவன் கம்பெனியில் நாற்பது நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தான். காரணம் என்ற இடத்தில், வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது, பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்று எழுதினான். அவனுக்குப் பிள்ளை ஏது என்று மேலாளர் கேட்டார். “நான்தான் சார்” என்றான் தெப்பே. மேலாளரும் மலைப்பக்கத்துக்காரர்தான். கையெழுத்துப் போட்டார்.

முதல் நாள் மூன்று மணிக்கு அலமாரி திறந்தது. சின்னவன் இறங்கி, அடுப்படியைப் பார்த்தான், குளியலறையைப் பார்த்தான், தோட்டத்துப் பக்கம் போய் ஏணிகளுக்குக் கீழே பார்த்தான். திரும்பி வந்து, “அண்ணா, அம்மா எங்க?” என்றான். இந்த முறை தெப்பே அவனைத் திட்டவில்லை. “அம்மா செத்துப் போயிட்டாங்கடா” என்றான். சின்னவன் அழத் தொடங்கினான். சற்று நேரத்தில் தெப்பேயும் தொடங்கினான். தெருவில் போனவர்கள் காதில் விழுந்தது ஒரே ஆளின் அழுகைதான், மேல்குரலிலும் அடிக்குரலிலுமாக. ஒலிபெருக்கியில் ஐந்து மணிப் பாட்டுப் போடும்வரை இரண்டு மணி நேரம் ஓயவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் சின்னவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேரிக்காய் சீவித் தரச் சொன்னான். தெப்பேக்கு லிஃப்டைத் தவிர எதையும் சரியாகப் பிரிக்கத் தெரியாது. தோலோடு பாதிப் பழமும் போயிற்று. “அம்மா இவ்ளோ தடியா சீவ மாட்டாங்க” என்றான் சின்னவன், ஆனாலும் தின்றான். நான்காம் நாள் இருவரையும் ஆற்றங்கரையில் பார்த்தோம். பெரியவன் மூச்சிரைக்கப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான். ஓகிஹரா வீட்டு மருமகள் அன்று சாயங்காலம் அவர்களுக்குச் சீமைப்பனிச்சைப் பழம் மூன்று கொண்டுபோனாள். இரண்டு போதுமே என்று யாரோ சொன்னதற்கு, “சின்னவனுக்கு ரெண்டு” என்றாள்.