முகத்தில் குழியுள்ள முத்து

தோகுஜிக்குப் பாராட்டத் தெரியாது. நாற்பத்திரண்டு வருடமாக அவரோடு குடித்தனம் நடத்தும் ஹரூயோவுக்கே சமையலைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கிடைத்ததில்லை. கிண்ணம் காலியானால் அதுதான் பாராட்டு என்று அவளே எடுத்துக்கொண்டாள். முத்து வளர்க்கிற ஆகோ வளைகுடாவில் இப்படிப்பட்ட ஆண்கள் ஏராளம். ஆனால் இவருக்குத் திட்ட மட்டும் நன்றாக வரும். மகள் சிஹோ பத்தொன்பது வயதில் முதன்முதலாகச் சிப்பியைக் கீறி, முத்து விளைவதற்கான கரு மணியை உள்ளே வைத்தபோது, "இது கையா, துடுப்பா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். மறு வருடம் சிப்பியைத் திறந்து பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். அவள் கோபே நகரத்துக்குப் போய் நகை வடிவமைக்கப் படித்தாள். அப்புறம் புத்தாண்டுக்கு வருவாள், மூன்று நாள் இருப்பாள், அப்பாவோடு மூன்று வார்த்தை பேசுவாள்.

இந்தப் பிப்ரவரியில் அவள் அஸ்திக் கலசமாகத்தான் வீட்டுக்கு வந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. வயது முப்பத்தொன்பது. பெற்றவர்கள் இருக்க, பிள்ளை போகலாமா? ஹரூயோ யாரிடம் கேட்பாள்?

கோபேயில் முத்து வியாபாரிகள் கூடி நடத்தும் நகை வடிவமைப்புப் போட்டியில் சிஹோவின் வரைபடம் இறுதிச் சுற்றுக்குத் தேறியிருந்தது. நகையாகச் செய்து மார்ச் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். அவளோடு வேலை பார்த்த ஒகுனோ என்ற பொற்கொல்லர் வெள்ளி வேலையை முடித்து, வரைபடத்தையும் சிஹோ வைத்திருந்த ஒற்றை முத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார். முத்தில் பாதி ஆழத்துக்குத் துளையிட்டு, நகையில் துருத்தி நிற்கும் வெள்ளி முளையில் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. அதை அப்பாவே செய்யட்டும் என்று எழுதியிருந்தார்.

பெட்டியில் ஓர் உறையும் இருந்தது. போட்டிக்காக சிஹோ எழுதிய விளக்கத்தின் நகல். ஹரூயோ முதலில் பிரித்துப் படித்தாள்.  இதை இப்போது இந்த மனிதரிடம் கொடுத்தால் உடைந்துபோவார், நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடியட்டும் என்று ஊதுபத்தி வைக்கும் இழுப்பறைக்குள் போட்டாள். அவள் செய்த தப்பு அதுதான்.

நாற்பத்தோராம் நாள் காலை அவள் பூ வாங்கிக்கொண்டு திரும்பியபோது, தோகுஜி வேலைக் கொட்டகையின் வடக்கு ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். குழந்தை மாதிரி முகம் மலர்ந்திருந்தது.

"இந்தா, வா வா. ஒரு குறை கண்டுபிடி பாக்கலாம்."

ஹரூயோ நகையை வாங்கினாள். வளைந்த வெள்ளி அலை, நடுவில் முத்து. இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். முத்து நிலா மாதிரி வழுவழுவென்று இருந்தது.

"இதுல ஒரு குழி இருந்துச்சே?" என்றாள்.

"இருந்துச்சு. அதுலதான் துளையைப் போட்டேன். படத்துலயே புள்ளி வெச்சுக் காட்டியிருக்கா பாரு. அப்பன் கிழவனாயிட்டான், கண்ணு தெரியாதுன்னு நெனைச்சிருப்பா, கழுதை."

அந்தத் தொழிலில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். முத்தில் வடு எங்கே இருக்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி. புள்ளி இருந்தால் அங்கே துளை. வடு முளைக்கு அடியில் மறைந்துவிடும். ஹரூயோவே தன் கையால் லட்சம் புள்ளி வைத்திருப்பாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் தோகுஜி. "என்ன பளபளப்பு! இதுக்குக் கரு வெச்சவன் லேசுப்பட்ட ஆளில்ல. ஒரே ஒரு எடத்துல கை நடுங்கியிருக்கு, அவ்வளவுதான். யாருன்னு தெரிஞ்சா ஒரு பாட்டில் சாக்கே வாங்கிக் குடுக்கலாம்."

ஹரூயோ பூவைக் கீழே வைத்தாள். சொல்லிவிடலாமா? சொல்லி என்ன ஆகப்போகிறது? பசையைக் கரைத்து முத்தைக் கழற்றலாம், குழி வராது. அது பொடியாகி அவர் மடியில் வெள்ளையாகக் கிடந்தது.

"அழகா இருக்குங்க," என்றாள்.

மே மாதம் கோபேயில் போட்டி நகைகளின் கண்காட்சி. பரிசு கிடைக்கவில்லை. பார்த்தே ஆவேன் என்று தோகுஜி ஒற்றைக்காலில் நின்றார். உங்களுக்கு இடுப்புவலி, ரயிலில் நாலு மணி நேரம் என்று அவள் சொன்னதெல்லாம் எடுபடவில்லை. மகளின் சாவுக்குப் போட்ட அதே கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். கண்ணாடிப் பேழைக்குள் நகை. பக்கத்தில் சிறிய எழுத்தில் ஓர் அட்டை.

"என்ன எழுதியிருக்கு? கிட்டப் பாக்குற கண்ணாடியை மறந்துட்டேன், படி."

"உங்களுக்கு நன்றின்னு எழுதியிருக்கா."

"அதுக்கு ஏழு வரியா? நீ பொய் சொன்னா காது செவக்கும், ஹரூயோ. படி."

அவள் படித்தாள். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை.

"பத்தொன்பது வயதில் நான் முதலில் கரு வைத்த சிப்பியில் விளைந்த முத்து இது. என் கை நடுங்கியதால் அதன் முகத்தில் ஒரு குழி. அப்பா கழிவுக் கூடையில் எறிந்தார். நான் எடுத்து வைத்துக்கொண்டேன். எல்லோரும் குழியைப் பின்னால் திருப்பி மறைப்பார்கள். இதில் அது முன்னால் இருக்கிறது. அப்பா வந்து ஒரு தடவை இதைப் பார்க்க வேண்டும்."

தோகுஜி துளைபோட்ட கையின் கட்டைவிரலை மற்ற கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் புள்ளி… குழி முன்னால தெரியணும்னு வெச்சதா?"

"ஆமாங்க."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முன்னாடியே தெரியும். நாந்தான் ஒளிச்சு வெச்சேன். என் தப்பு."

அவர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. பேழைக்கு நேராக நின்று, இடுப்புவலியோடு, தலை தாழ்த்திக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. கோட்டின் முதுகு மட்டும் குலுங்கியது.

பக்கத்தில் வந்து நின்ற ஓர் அம்மாள், அவர் நகையைக் கூர்ந்து பார்ப்பதாக நினைத்துக்கொண்டாள். "என்ன முத்துங்க! தேடினாலும் ஒரு குறை இல்ல. நீங்க வளர்த்ததா?"

தோகுஜி மெல்ல நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லம்மா. என் பொண்ணு கரு வெச்சது," என்றார். "நல்ல கை அவளுக்கு."