மூடி திறந்த தட்டுகள்

மனிதகுலம் நெடுங்காலமாக ஏங்கிக்கிடந்த நன்னாள் வந்தேவிட்டது: எங்கள் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் ஆய்வகத்தைத் தரக்குழு பார்வையிடுகிறது! கிருமிகள் உட்பட அனைவரும் ஒத்துழைக்க வேண்டும் என்று துறைத்தலைவர் கேட்டுக்கொண்டார்.

ஆய்வகம் என்பது ரயில் பெட்டிபோல வரிசையாக ஐந்து அறைகள். முதலாவதில் கிருமிகளுக்குக் கஞ்சி காய்ச்சி, மூடிபோட்ட சின்னத் தட்டுகளில் ஊற்றி உறையவிடுவோம். அடுத்ததில் ஆட்டோகிளேவ், பெருமூச்சு விட்டபடி பாத்திரங்களை அவித்துக்கொண்டிருக்கும். அப்புறம் கிருமி வளர்க்கும் இன்குபேட்டர்கள். அதற்கடுத்து கடுங்குளிர் ஃப்ரீசர். சாவி தலைவரின் சட்டைப்பையில். கோடியறையில் வெளிக்கிருமி கலக்காமல் வேலை செய்வதற்கான கண்ணாடி முகப்புப் பெட்டி, அதாவது ஹூட்.

ஜூனியர்கள் ‘தட்டு அக்கா’ என்று கூப்பிடும் ஆராய்ச்சி மாணவி, சாயக்கழிவுக் குட்டையில் பிடித்த ஒரு கிருமியை நம்பித்தான் பிழைப்பை ஓட்டினாள். அது சாயத்தைத் தின்னும். குட்டையை மூடி அதன்மேல் கார் நிறுத்துமிடம் கட்டிவிட்டார்கள். கிருமியை உறையவைக்க ஃப்ரீசரில் ஒரு மூலை கேட்டு நடையாய் நடந்தாள். “பார்க்கலாம்மா” என்பார் தலைவர். அவருடைய சொந்தக் கிருமிகள் யாரும் எழுப்பாமல் அங்கே காலங்காலமாகத் தூங்கின. ஆகவே இவள் வாராவாரம் புதுத் தட்டுக்கு மாற்றி மாற்றி, கைக்குழந்தைபோல அதை உயிரோடு வைத்திருந்தாள்.

தரக்குழு வரும்போது மேசையும் இன்குபேட்டரும் பளிச்சென்று காலியாக இருக்க வேண்டுமாம். அவளுடைய தட்டுகள் மொத்தமும் ஹூட்டுக்குள் போயின.

குழுத்தலைவி குனிந்து பார்த்தார். “உள்ளே ஒண்ணும் தெரியலையே?”

மூடிகளில் நீர் கோத்திருந்தது. “மூடியை எடும்மா” என்றார் தலைவர். எடுத்தாள். ஆரஞ்சுப் புள்ளிகள்.

“அட, அழகா இருக்கே!”

அந்த ஒரு சொல்லில் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. முகப்புக் கண்ணாடியை இறக்கி, உள்விளக்கைப் போட்டார். பெட்டி முழுக்க நீலம்.

“சூப்பர் சார், அப்படியே நில்லுங்க!” என்றார் போட்டோக்காரர்.

“சார், அது கிருமியைக் கொல்ற லைட்டு” என்று மாணவி முணுமுணுத்தாள்.

“எனக்கே பாடமா? வருஷா வருஷம் பரீட்சையில இதைக் கேக்கறதே நான்தான்.”

“அதான் சார், மூடி வேற திறந்து...”

“சிரிம்மா, போட்டோ எடுக்கறாங்கல்ல.”

ஸ்விட்ச் பக்கம் போன அவள் கையை முழங்கையால் ஒதுக்கினார். தலைவர் தனியாக, தலைவர் குழுவோடு, தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி யோசிப்பதுபோல. விஞ்ஞானம் சாவகாசமாக முன்னேறியது.

குழு போனதும் எல்லாவற்றையும் புதுத் தட்டுகளுக்கு மாற்றினாள். நாலைந்து நாள் காத்திருந்தாள்.

“எதுலயும் ஒண்ணுமே வரலை சார்.”

“அதுக்கென்ன, உலகம் பூரா கிருமிதானே? வேற ஒண்ணைப் பிடிச்சுட்டு வா. இந்தத் தடவை ஃப்ரீசர்ல இடம் தரேன், போதுமா?”

ஆய்வக வசதிகளுக்குத் தரக்குழு முழு மதிப்பெண் கொடுத்தது. அவள் படிப்பை நிறுத்திவிட்டாள்.